துரு மருந்து டப்பாவில் ஒரு ‘பர்மனென்ட்லி’

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் அதோடு கிளம்பிவிடலாம். டப்பாவுக்குள் இருந்த மருந்துக்கு 5-க்கு மூன்றரை. டப்பாவோடு கொடுத்த தமிழ் நோட்டீஸுக்கு 5-க்கு பூஜ்யம். அந்த நோட்டீஸை நம்பி, டப்பாவின் மேல் இருந்த இங்கிலீஷைப் படிக்காமலே விட்ட எனக்கு எவ்வளவு போடலாம் என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பத்தொன்பது வருஷமாக நான் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துத்தான் சோறு தின்கிறேன்.

பொருள் இதுதான்: துருவைச் சுத்தமாகச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே பூசுகிற திரவம். கடையில் ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள், எங்கள் பக்கத்துப் பெயிண்டர்கள் துரு மருந்து என்பார்கள். ஒரு லிட்டர் 780 ரூபாய். கம்பெனிப் பெயரை எழுதப்போவதில்லை. இதே சரக்கு பல பெயர்களில் வருகிறது, என் சண்டையும் கம்பெனியோடு இல்லை, ஒரே ஒரு வார்த்தையோடுதான்.

வீடு பாம்பனில். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், எங்களுக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் ஜலசந்தி, தெற்கே மன்னார் வளைகுடா, நாங்கள் வடகடல், தென்கடல் என்போம். வாடைக் காலத்தில் வடகடல் உப்பைத் தூக்கிக்கொண்டு வரும், கச்சான் காற்றுக் காலத்தில் தென்கடல் தன் பங்குக்குக் கொடுக்கும். காலையில் ஜன்னல் கண்ணாடியை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். சைக்கிள் வாங்கினால் முதல் தீபாவளிக்கு செயின் போகும், அடுத்த தீபாவளிக்கு ரிம் போகும். கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பியையும் உப்பு விடாது. துரு என்பது அது தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், உள்ளேயே ஊதிப் பெருத்து, சன்ஷேடை வெடிக்க வைத்துத் துண்டு துண்டாகக் கீழே போடும். எங்கள் தெருவில் சன்ஷேடுக்குக் கீழே யாரும் நிற்க மாட்டார்கள், மழை பெய்தாலும்.

இந்த ஊர்த் துருவைப் பற்றி மத்திய அரசுக்கே தெரியும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்குப் பக்கத்து மண்டபம் முகாமில் அரிப்பை ஆராய்கிறதற்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. இரும்பைக் கொண்டுவந்து காற்றில் வைத்துவிட்டு எவ்வளவு சீக்கிரம் கெடுகிறது என்று பார்க்கிற வேலைக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்! நம் வீட்டு கேட்டும் அந்த ஆராய்ச்சியில் இருப்பதாகத்தான் எனக்கு ரொம்ப நாளாக நினைப்பு.

அந்த கேட் அப்பா காலத்தில் போட்டது. போன வருஷம் மார்ச்சில் பார்த்தபோது அடிக்கம்பி பொருக்குப் பொருக்காக எழும்பி, தட்டினால் உதிர்ந்தது. கீல் இரண்டும் பழுப்பு. ஒரு மூலையில் இரும்பு இத்துப்போய் விரல் நுழைகிற ஓட்டை. அதுபோக மாடிப்படிக் கைப்பிடி, நாலு ஜன்னல் கிரில். புது கேட் போட விலை விசாரித்ததில் தலை சுற்றியது, சரி, மருந்து அடித்துப் பார்ப்போம் என்று ராமநாதபுரம் போனேன்.

கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாய் கடை, முப்பது வருஷமாக அதே பஜார்ப் பக்கம்தான், ஆனால் நடுவில் பழைய கட்டிடத்தை இடித்தபோது எதிர்ச் சந்துக்கு மாறிவிட்டார். போனில் மேப்பைத் திறந்து கடைப் பெயரைப் போட்டால் சிவப்பு எழுத்தில் ‘பர்மனென்ட்லி க்ளோஸ்டு’ என்று வருகிறது. நான் பழக்கத்தில் போய்ச் சேர்ந்துவிட்டேன். “பாய், உங்க கடை நிரந்தரமா மூடிட்டதா மேப்ல போட்டிருக்கு” என்றேன். “யாரோ புண்ணியவான் போட்டுட்டான் சார், நான் நிரந்தரமா தொறந்துதான் வச்சிருக்கேன்” என்றார். அன்றைக்கே அந்த வார்த்தை என்னைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது, எனக்குத்தான் உறைக்கவில்லை.

பாய் நல்ல மனுஷன், எதையும் தலையில் கட்ட மாட்டார். அவர் சொன்னது: “சார், கடக்கரை வீட்டுக்கு இது போதாது, இதுக்கு மேல பிரைமர், அதுக்கு மேல பெயிண்ட், ரெண்டு கோட்டு. மறக்காதீங்க.” இதையும் நான் பாதிதான் கேட்டேன். ஏனென்றால் கையில் அந்தத் தமிழ் நோட்டீஸ் இருந்தது. மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து: ‘இனி உங்கள் இரும்பு நிரந்தரமாகத் துருப்பிடிக்காது!’ ஆச்சரியக்குறியோடு.

வேலை நடந்த விதம் இப்படி. எங்கள் தெருப் பெயிண்டர் அண்ணன் வந்தார். கம்பி பிரஷ் போட்டு உதிர்கிற பொருக்கையெல்லாம் தட்டிவிட்டு, அப்புறம் உப்புத்தாள். உப்பை எடுக்கிறதற்கு உப்புத்தாளா என்று அவரிடம் நான் ஜோக் அடித்தேன், அவர் சிரிக்கவில்லை. நல்ல தண்ணீரில் கேட்டை இரண்டு தடவை கழுவச் சொன்னார். இங்கே நல்ல தண்ணீர் காசு, இரும்புக்கு ஊற்றுகிறதைப் பார்த்து என் வீட்டம்மா வாசலிலேயே நின்றுகொண்டு ஒவ்வொரு குடமாக எண்ணினாள். எட்டுக் குடம். ஆனால் அதுதான் முக்கியம், உப்பு படிந்த இரும்பின் மேல் எதைப் பூசினாலும் உள்ளே உப்பும் ஈரமும் சேர்ந்து வேலையைத் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

டப்பாவைத் திறந்தால் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. பழுப்புத் துருவின் மேல் பிரஷ் வைத்தார். ஒரு நிமிஷம் வெள்ளை. அப்புறம் சாம்பல். அப்புறம் ஓரத்திலிருந்து ஊதா கலந்த ஒரு நீலம் கிளம்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேட்டு முழுக்கக் கறுத்துக்கொண்டு வந்தது. துரு அதிகமாக இருந்த இடம் நல்ல கறுப்பு, துரு இல்லாத இடத்தில் வெள்ளை அப்படியே பிசுபிசுவென்று நின்றது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, “இது கடுக்கா வேல சார்” என்றார். நூற்றுக்கு நூறு சரி. கடுக்காய்த் தண்ணீரில் இரும்புத் துருவைப் போட்டால் கறுப்பு மை வருமே, அதே சங்கதி. கடுக்காயில் இருக்கிற டானின்தான் இந்த மருந்திலும் இருக்கிறது, துருவோடு சேர்ந்து கரையாத கறுப்புப் பொருளாக மாறிவிடுகிறது. அந்தக் காலத்தில் சாயம் போடுகிறவர்களுக்கும் மை காய்ச்சுகிறவர்களுக்கும் தெரிந்த வித்தையை டப்பாவில் அடைத்து 780 ரூபாய்.

இரண்டு கோட்டு அடித்து, ஒரு நாள் காயவிட்டோம். அதற்கு மேல் ஒரே ஒரு கோட்டு எனாமல் பெயிண்ட், பச்சை. பிரைமர் வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். நிரந்தரமாகப் பிடிக்காது என்று எழுதியிருக்கும்போது பிரைமர் எதற்கு? பெயிண்டர் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், நோட்டீஸைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரை கேட் புதுசு. வருகிறவன் போகிறவன் எல்லாரும் கேட்டுவிட்டுப் போனான். தங்கச்சிமடத்தில் இருக்கிற மச்சானுக்குக்கூட நான் சிபாரிசு பண்ணினேன், படகில் இரும்பு பிட்டிங்கெல்லாம் கெடக்குதே, அடித்துப்பார் என்று. நல்லவேளை அவன் என் பேச்சை எப்போதும் கேட்கிறதில்லை.

அப்புறம் வாடை வந்தது. டிசம்பரில் ஒருநாள் காலையில் கேட்டைத் திறக்கிறேன், கீலுக்குக் கீழே பச்சைப் பெயிண்டின் மேல் செம்பழுப்பாக ஒரு கோடு, யாரோ அழுத மாதிரி. உட்கார்ந்து பார்த்தால் வெல்டிங் வைத்த மூட்டு ஒவ்வொன்றிலும் அதே கண்ணீர். அடிக்கம்பியில் தண்ணீர் தேங்குகிற இடத்தில் பெயிண்ட் கொப்புளித்திருந்தது. மருந்து அடித்ததற்கு அப்புறம் புதுக் கொண்டி மாட்டுவதற்காக டிரில் போட்டோமே, அந்த ஓட்டையைச் சுற்றியும் ஒரு வளையம்.

ஜனவரியில் நோட்டீஸில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் பேசினேன். எடுத்த பையன் மரியாதையாகக் கேட்டுவிட்டு, “சார், டப்பாவுல இங்கிலீஷ்ல என்ன போட்டிருக்குன்னு ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க சார்” என்றான். என்னிடம்! டப்பா மாடிப்படிக்குக் கீழே கிடந்தது, தூசியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ‘பர்மனென்ட்லி கன்வர்ட்ஸ் எக்ஸிஸ்டிங் ரஸ்ட்.’ ஏற்கெனவே இருக்கிற துருவை நிரந்தரமாக மாற்றும். அவ்வளவுதான். புதுத் துரு வராது என்று அதில் ஒரு எழுத்துகூட இல்லை. கீழே பொடி எழுத்தில் பிரைமரும் மேல் பூச்சும் கட்டாயம் என்று வேறு போட்டிருந்தது.

பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு போய் கேட்டின் நடுப்பலகையில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பச்சைப் பெயிண்டைச் சுரண்டினேன். அடியில் அந்தக் கறுப்பு மார்ச்சில் இருந்த மாதிரியே இருந்தது. மாறின துரு மாறினதுதான், திரும்பப் பழுப்பாகவில்லை. டப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறது. நோட்டீஸ் எழுதினவர்தான் அந்த வினையுரிச்சொல்லை அதன் வினையிடமிருந்து பிடுங்கி வேறொரு வினைக்குக் கட்டிவைத்துவிட்டார்.

வகுப்பில் நான் கத்துகிறதே இதைத்தான். ‘லி’ என்று முடிகிற வார்த்தையைப் பார்த்தால் உடனே அது எந்த வினையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று தேடு. ‘மாற்றும்’ என்பதோடு நின்றால் ஒரு பொருள், ‘தடுக்கும்’ என்பதோடு நின்றால் வேறு பொருள், விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் ஒரு கேட் அளவுக்கு வித்தியாசம்.

இன்னொரு கூத்து அந்தத் தமிழ் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘நிரந்தரமாகத் துருப்பிடிக்காது.’ இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். என்றைக்குமே பிடிக்காது என்பது ஒன்று. பிடிக்கும், ஆனால் நிரந்தரமாகப் பிடிக்காது என்பது இன்னொன்று. நான் இதை உற்சாகமாக வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தபோது வீட்டம்மா கேட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அப்ப இப்ப தற்காலிகமாத்தான் பிடிச்சிருக்கு, விடுங்க” என்று உள்ளே போய்விட்டாள். இங்கிலீஷிலும் ‘நாட்’ பக்கத்தில் ‘பர்மனென்ட்லி’ வந்தால் இதே குழப்பம்தான். நாட் முன்னால் வந்தால் ‘நிரந்தரமாக அல்ல’ என்று காதில் விழும். என்றைக்குமே இல்லை என்று சொல்ல வேண்டுமானால் அவர்களிடம் ‘நெவர்’ இருக்கிறது. டப்பாவில் ‘நெவர்’ போட எந்தக் கம்பெனி வக்கீலும் விடமாட்டார்.

இந்த வார்த்தையின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. லத்தீனில் ‘பெர்’ என்றால் முழுக்க, கடைசிவரை. ‘மனேரே’ என்றால் தங்குவது. கடைசிவரை தங்குவது. ‘ரிமெய்ன்’ என்கிற வார்த்தையும் அதே வீட்டுப் பிள்ளைதான். ‘மேன்ஷன்’கூட. திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஆறு மாதம் தங்கினவனாக எனக்கு இது நல்ல வேடிக்கை, அங்கே யாரும் கடைசிவரை தங்கி நான் பார்த்ததில்லை.

நம் ‘நிரந்தரம்’ வேறு வழியில் வந்தது. வடமொழியில் ‘அந்தரம்’ என்றால் இடைவெளி, ‘நிர்’ என்றால் இல்லாமல். இடைவெளி விடாதது என்பதுதான் அதன் மூலப்பொருள். இது தெரிந்ததும் நான் திரும்ப கேட்டுக்குப் போனேன். துரு எங்கெல்லாம் வந்திருக்கிறது? பிரஷ் நுழையாத வெல்டிங் சந்து, கீலுக்குப் பின்னால், டிரில் போட்ட ஓட்டை. பூச்சில் அந்தரம் இருந்த இடம் எல்லாம். அந்தரம் இல்லாத நடுப்பலகையில் ஒன்றும் இல்லை. பெயிண்டர் அண்ணனிடம் சொன்னேன், “அதத்தான சார் நாங்க ‘விடுபடாம அடி’ம்போம்” என்றார்.

டியூஷன் பிள்ளைகள் இந்த வார்த்தையைப் படுத்துகிற பாடு தனிக்கதை. ஸ்பெல்லிங்கில் பாதிப் பேர் நடுவில் ஏ, ஈ இரண்டையும் இடம் மாற்றிவிடுவார்கள். ‘மேன்’ முதலில், ‘நென்ட்’ பிறகு என்று மனதில் வைத்தால் தப்பு வராது. உச்சரிக்கும்போது அழுத்தம் முதல் அசையில், ‘பெர்’ரில்தான். அது கிடக்கட்டும், பொருளில் வருகிற தப்புதான் பெரிசு. ப்ளஸ் ஒன் படிக்கிற ஒரு பெண் போன மாதம் எழுதிக்கொண்டு வந்த வாக்கியம்: ‘மை ஃபாதர் கோஸ் டு சீ பர்மனென்ட்லி.’ அவள் நினைத்தது, எங்கப்பாவுக்கு எப்பவும் கடல் தொழில்தான், வேறு வேலைக்குப் போக மாட்டார் என்று. தமிழில் ‘பர்மனென்ட்’ என்று நாம் பேசுகிற தினுசில் அது சரிதான், பர்மனென்ட் வேலை என்கிறோமே. ஆனால் இங்கிலீஷில் போவது, வருவது மாதிரி வினைகளோடு அது சேர்ந்தால் போனவர் திரும்பவில்லை என்று ஆகிவிடும். இந்தக் கரையில், பேப்பரில் அந்த வரியைப் பார்த்ததும் எனக்குச் சுரீரென்றது. அவளிடம் அதை விளக்கவில்லை. சிவப்பு மையால் அந்த வார்த்தையை அடித்துவிட்டு ‘எவ்ரி டே’ என்று எழுதினேன், அப்புறம் கரையில் நாட்டுப்படகுகள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போவது ஞாபகம் வந்து அதையும் அடித்துவிட்டு ‘ரெகுலர்லி’ என்று போட்டேன். அவள் ஏன் சார் இரண்டு தடவை அடித்தீர்கள் என்று கேட்டாள். கையெழுத்து சரியில்லை என்றேன்.

‘எந்நேரமும்’ என்கிற பொருளும் அதற்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. எப்போது பார்த்தாலும் களைத்துப்போயே இருக்கிறவரை ‘பர்மனென்ட்லி டயர்டு’ என்பார்கள். அதாவது ஒரு நிலையைச் சொல்லும்போது வரும், ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறதற்கு வராது. மூடிக்கிடப்பது, கெட்டுப்போனது, இடம் மாறினது, அழித்தது, இப்படிப்பட்ட வினைகள்தான் அதற்குப் பொருத்தமான ஜோடி. போனில் போட்டோவை நீக்கினால் ‘பர்மனென்ட்லி டெலீட்?’ என்று கேட்கும் பாருங்கள், அங்கே அது கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது.

பொருந்தாத ஜோடி ஒன்றை எங்கள் ஊரே பார்த்தது. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம், 1964 புயலில் கர்டர்கள் போனபோதுகூட 46 நாளில் சரிபண்ணி நிமிர்த்தின பாலம், 2022 டிசம்பரில் துருவிடம் தோற்றது. கப்பலுக்குத் திறக்கிற தூக்குப் பகுதி அரித்து பலவீனமாகி ரயிலை நிறுத்தினார்கள். பத்து நாளில் விட்டுவிடுவார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அப்புறம் இங்கிலீஷ் செய்திகளில் ‘பர்மனென்ட்லி சஸ்பெண்டட்’ என்று வந்தது. ‘சஸ்பெண்ட்’ என்றாலே இப்போதைக்குத் தொங்கவிடுவது, அதை எப்படி நிரந்தரமாகத் தொங்கவிடுவது என்று ஸ்டாஃப் ரூமில் நான் சண்டை போட்டேன், யாரும் சட்டை பண்ணவில்லை. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாலம் திறந்தார்கள், அதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்ஸேன் பெயிண்ட் என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெயிண்ட் கேட்டுக்குக் கிடைக்குமா என்று பாயிடம் கேட்டேன். சிரித்தார்.

‘பர்மனென்ட்லி’க்கு உறவுக்காரர்கள் நிறைய, பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நிரந்தரமாக என்றே எழுதிவைப்பார்கள். ‘இர்ரிவர்சிப்லி’ என்றால் வந்த வழியே திரும்பிப் போக முடியாதபடி. என் கேட்டின் மூலையில் விரல் நுழைகிற ஓட்டை இருக்கிறதே, அது. மருந்து துருவைக் கறுப்பாக்கும், போன இரும்பைக் கொண்டுவராது. இத்துப்போனது இத்துப்போனதுதான். கறந்த பால் மடிக்கு ஏறாது என்று நம்மவர்கள் சொல்கிறது இந்த வார்த்தைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. ‘இர்ரெவொகப்லி’ கொஞ்சம் வேறு, அதற்குள் கூப்பிடுவது இருக்கிறது, சொன்ன சொல்லைத் திருப்பி அழைக்க முடியாதபடி. பத்திரத்தில், தானத்தில், வாக்குக் கொடுப்பதில் வரும். துருவுக்கு அதைப் போட்டால் ஆள் பத்திர ஆபீஸில் வேலை பார்த்தவர் என்று நினைப்பார்கள்.

‘இன்டெலிப்லி’ என்றால் துடைத்தால் போகாதபடி. ஓட்டுப் போட்டால் விரலில் வைக்கிறார்களே, 1962 தேர்தலில் இருந்து மைசூரில் செய்துவருகிற மை, அதற்கு இங்கிலீஷில் இன்டெலிபிள் இங்க் என்றுதான் பெயர், தமிழில் அழியாத மை. வெள்ளி நைட்ரேட் தோலோடு சேர்ந்து கறுக்கிறது, எந்த சோப்புக்கும் மசியாது, ஆனால் சில வாரத்தில் நகம் வளர்ந்து தோல் உதிர்ந்து தானாகப் போய்விடும். அழியாது, ஆனால் நிரந்தரமும் இல்லை. இந்த ஒரு மையை வைத்தே இரண்டு வார்த்தைக்கும் வித்தியாசம் சொல்லிவிடலாம், எந்த அகராதியும் வேண்டாம். கடுக்காய் மருந்தும் கிட்டத்தட்ட அதே ஜாதி என்று எனக்குப் படுகிறது, கறுப்பு அழியவில்லை, அதைச் சுற்றியிருந்த இரும்புதான் வேலையைக் காட்டிவிட்டது.

பேச்சில் அவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு ‘ஃபார் குட்’ என்பார்கள். நம் ‘ஒரேயடியாக’தான் அதற்குச் சரி. ஒரேயடியாகச் சென்னைக்குப் போய்விட்டான் என்கிறோமே, அது. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியை வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்தது, ஊர் ஒரேயடியாகக் காலி என்று எழுதினார்கள். ரயில் தண்டவாளம் ஒரேயடியாகத்தான் போனது, இன்றைக்கு வரைக்கும் அங்கே ரயில் இல்லை. ஆனால் மீனவர்கள் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு அங்கேயே இருக்கிறார்கள், 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டதில் இருந்து சங்கு பாசிக் கடையும் பொரித்த மீன் கடையும் வரிசையாக வந்துவிட்டன. ஒரு ஊருக்கே இந்த மாதிரி வார்த்தையைச் சுலபத்தில் போட முடியவில்லை, டப்பாவில் என்ன தைரியத்தில் போடுகிறார்களோ.

சரி, வாங்கலாமா? வாங்கலாம். இரும்பு மேலாகத் துருப்பிடித்திருந்தால், உள்ளே திடமாக இருந்தால், தாராளமாக வாங்குங்கள். முழுக்கச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிகிறவரைக்கும் தேய்க்கிற கூலி மிச்சம், அதுவே 780-க்கு மேல் வரும். ஒரு லிட்டர் என் கேட்டுக்கும் கைப்பிடிக்கும் இரண்டு கோட்டு வந்து, கிரில் இரண்டுக்கும் போதுமானதாக இருந்தது, மீதி இரண்டு கிரில் இன்னும் பழுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பாய் சொன்னதைக் கேளுங்கள், நோட்டீஸைக் கேட்காதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மருந்து இரண்டு கோட்டு, ரெட் ஆக்சைடு பிரைமர், அதற்கு மேல் பெயிண்ட் இரண்டு கோட்டு. வெல்டிங் மூட்டுக்கெல்லாம் சின்ன பிரஷ் வைத்து முதலில் அங்கே அடித்துவிட்டு அப்புறம் பலகைக்கு வாருங்கள். டிரில் போடுகிற வேலை இருந்தால் மருந்துக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். வாடைக் காலத்தில் மாதம் ஒரு தடவை ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் போதும், எண்ணுகிறதற்கு வீட்டில் ஆள் இருந்தாலும் பரவாயில்லை. துருவே இல்லாத புது இரும்புக்கு இதை வாங்காதீர்கள், அது பிடித்துக்கொள்ளத் துரு வேண்டும். ஓட்டை விழுந்த இடத்துக்கும் வேண்டாம், அங்கே வெல்டரைக் கூப்பிடுங்கள்.

வாசம் ஒன்றும் பெரிதாக இல்லை. கையில் பட்டால் உடனே கழுவுங்கள், எனக்கு இரண்டு நகம் ஒரு வாரத்துக்குக் கறுப்பாக இருந்தது, தேர்தல் எப்போது நடந்தது சார் என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஒரு தடவை திறந்த டப்பாவை ரொம்ப நாள் வைக்க முடியாது, எங்கள் மிச்சம் தயிர் மாதிரி திரிந்துபோனது. அதற்கு அரை மதிப்பெண் குறைத்தேன், பிரஷ்ஷைச் சந்துக்குள் விடமுடியாத அளவுக்கு மருந்து கெட்டியாக இருந்ததற்கு ஒன்று.

போன வாரம் இரண்டாவது டப்பா வாங்கப் போனேன், கூடவே பிரைமரும். நோட்டீஸ் இன்னும் அதேதான், பாய் அதை எனக்குக் கொடுக்காமல் கல்லாவுக்கு அடியில் தள்ளிவிட்டார். பில் போடுகிற நேரத்தில் நான் போனை எடுத்து, “பாய், மேப்புல உங்க கடை இன்னும் பர்மனென்ட்லி க்ளோஸ்டுன்னுதான் இருக்கு, ரெண்டு நிமிஷத்துல மாத்திடலாம், மாத்தவா?” என்று கேட்டேன். அவர் மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே, “அது கெடக்கட்டும் சார், கடன் கேட்டு எவனும் வர்றதில்ல” என்றார்.